‘அப் ஒண்டு செய்து தாங்கோ’: கேட்பதற்கும் தேவைக்கும் நடுவில்

யாழ்ப்பாணத்தில் ஒரு கடை முதலாளி மென்பொருள் செய்கிற பொடியனைக் கூப்பிட்டால் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். ‘தம்பி, எங்களுக்கு ஒரு அப் செய்து தரவேணும்.’ அடுத்தது விலை. அதற்கடுத்தது எப்ப முடியும் என்பது. எதற்காக அப் என்று இருவருமே கேட்பதில்லை. முதலாளி விடையை முடிவு செய்துவிட்டுத்தான் தொலைபேசியை எடுத்திருக்கிறார். பொடியனுக்கு வேலை வேண்டும். இருவரும் சந்தோஷமாக ஒத்துப்போகும் அந்த நேரத்திலேயே காசு வீணாகத் தொடங்கிவிடுகிறது.

‘எந்தப் பிரச்சினைக்கு இது விடை?’ என்று நடுவில் நின்று கேட்பதுதான் வணிகப் பகுப்பாய்வு. கம்பனிகளில் இந்த வேலை செய்பவரை பிஸ்னஸ் அனலிஸ்ட் என்பார்கள். கனடாவில் 2003 இல் தொடங்கிய ஐ.ஐ.பி.ஏ. (சர்வதேச வணிகப் பகுப்பாய்வு நிறுவகம்) என்ற அமைப்பு இதற்கென்று வழிகாட்டியும் பரீட்சைகளும் வைத்திருக்கிறது. ஆனால் இதைச் செய்ய பதவிப் பெயர் தேவையில்லை. சங்கத்துக்குக் கணக்கு முறை தேடும் செயலாளர், அப்பாவின் கடையைக் கணினிக்கு மாற்ற நினைக்கும் மகள், முதல் புரொஜெக்ட் எடுத்திருக்கும் பல்கலைக்கழக மாணவர் எல்லோருக்கும் வேண்டிய கைவேலை இது.

வெறும் வரைவிலக்கணமாகச் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. ஒரு கற்பனைக் கடையை வைத்துப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு கடை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு கட்ட, ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்குப் பிறந்தநாள் கேக், பூச்செண்டு, பலசரக்குப் பெட்டி என்று கொண்டுபோய்க் கொடுக்கும் கடை. ஓடர் வட்ஸ்அப்பில் வரும். அதைப் பார்த்துக் கொப்பியில் எழுத ஒரு பிள்ளை இருக்கிறாள். கேக்கை கோண்டாவிலில் ஒரு அக்கா வீட்டில் அடித்து ஐசிங் போட்டுக் கொடுப்பா. இரண்டு பொடியள் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவார்கள். முதலாளி சொல்வது இதுதான்: ‘கேக் பிந்திப் போகுதெண்டு வெளிநாட்டில இருந்து ஒரே ஏச்சு. ஓடர் எடுக்க அப் ஒண்டு இருந்தா எல்லாம் சரிவந்திடும்.’

இதில் முதல் வசனம் நடந்த விஷயம். இரண்டாவது வசனம் ஊகம். அந்த இரண்டையும் பிரித்துக் கேட்கும் காது வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஊகத்தை மறுத்துப் பேசவேண்டாம். மறுத்தால் அவர் அதையே இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ‘கடைசியாப் பிந்தின ஓடர் எது அண்ணை? அண்டைக்கு என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். ‘வழக்கமா எப்படி நடக்குது?’ என்று கேட்டால், எப்படி நடக்கவேண்டுமோ அதைத்தான் ஆட்கள் சொல்வார்கள். நடந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்டால்தான் உண்மையில் நடப்பது வெளிவரும். புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால், இதை எடுத்துக்கொள்ளட்டும்.

பிறகு கொப்பியை வாங்கிப் பார்க்கவேண்டும். போன மாதம் பிந்திய ஓடர்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் பிந்தியது என்று குறியுங்கள். வீடு கண்டுபிடிக்க முடியவில்லை, தொலைபேசியை எடுக்கவில்லை, திகதி மாறிவிட்டது, கேக் முடியவில்லை, மழை. எண்ணிப் பார்க்காமல் கேட்டால் எல்லோரும் கடைசியாகக் கேட்ட ஏச்சைத்தான் காரணமாகச் சொல்வார்கள். எண்ணும்போது வேறு படம் தெரியும். நம்முடைய கற்பனைக் கடையில், பிந்தியவற்றில் பெரும்பங்கு வீடு தேடி அலைந்ததாலும் திகதி மாறியதாலும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டு போகலாம். டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்த முறை இது. டொயோட்டா குழுமத்தின் மூலகர்த்தா சகிச்சி தொயோடாவிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பழக்கத்தை, அங்கே பொறியியலாளராக இருந்த தயிச்சி ஓனோ தொழிற்சாலை முறையாக்கினார். ‘ஐந்து ஏன்’ என்பார்கள். நம் கடையில் அது இப்படிப் போகும்.

கேக் ஏன் பிந்தியது? பொடியன் காரைநகரில் முக்கால் மணித்தியாலம் வீடு தேடினான். ஏன் தேடினான்? விலாசத்தில் ‘கோயிலடி ஒழுங்கை’ என்று மட்டும் இருந்தது. தொலைபேசியில் ஏன் கேட்கவில்லை? கேட்டான். அம்மா எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? தெரியாத இலக்கம். மகன் அம்மாவுக்குச் சொல்லாமல் செய்கிறார். திடீரென்று கேக் போனால்தானே சந்தோஷம். அப்படியானால் பக்கத்து வீட்டு இலக்கத்தை மகனிடம் ஏன் வாங்கிவைக்கவில்லை? மகன் மெசேஜ் அனுப்பியபோது இங்கே கடை பூட்டு. இங்கே கடை திறந்து ஓடர் வெளிக்கிடும் நேரத்தில் ரொறன்ரோவில் மகன் நித்திரை.

கடைசிப் பதிலில் நில்லுங்கள். கேக்கைக் கொண்டுபோய்க் கொடுக்க என்னென்ன தெரியவேண்டுமோ, அவற்றை ஓடர் எடுக்கும் அந்த நேரத்திலேயே கடை கேட்பதில்லை. முதலாளி கேட்ட அப்பில் விலாசத்துக்கு ஒரு பெட்டி இருந்திருக்கும். அதற்குள்ளும் மகன் ‘கோயிலடி ஒழுங்கை’ என்றுதான் எழுதியிருப்பார். கேக் முன்போலவே பிந்தியிருக்கும், காசு மட்டும் செலவாகியிருக்கும்.

இந்த முறைக்கு ஒரு ஆபத்து உண்டு. ஏன் ஏன் என்று போய், கடைசியில் ஒரு ஆளின் தலையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவது. ‘அந்தப் பிள்ளை கவனமில்லை’ என்பது முடிவாக வந்தால் இன்னும் ஒரு ஏன் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். காரணம் ஒரே கிளையில் மட்டும் இருக்காது. திகதி மாறியதற்குக் காரணம் வேறு. அதனால் பல கிளைகளையும் ஒரே தாளில் வரைந்து பார்ப்பது நல்லது. ஜப்பானியப் பேராசிரியர் கவுரு இஷிகாவாவின் பெயரில் வழங்கும் மீன்முள் வரைபடம் அதற்குத்தான்.

திகதிக் கிளையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். கோடை காலத்தில் ரொறன்ரோ நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். குளிர்காலத்தில் பத்தரை. யூலை 14 இரவு ஒன்பது மணிக்கு மகன் ‘நாளைக்கு அம்மாவின்ர பிறந்தநாள், ஒரு கிலோ சொக்லட் கேக்’ என்று எழுதுகிறார். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் யூலை 15 காலை ஆறரை. பிள்ளை எட்டரைக்குக் கடை திறந்து மெசேஜைப் பார்க்கிறாள், ‘நாளைக்கு’ என்று வாசிக்கிறாள், கொப்பியில் 16 என்று எழுதுகிறாள். அவள் கவனமாகத்தான் எழுதினாள். மகனும் சரியாகத்தான் சொன்னார். கேக் ஒரு நாள் பிந்திப் போகிறது, கனடாவில் ஒரு மகன் கோபத்தோடு மூன்று நிமிட வொய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்.

முதலாளியோடு மட்டும் பேசியிருந்தால் இது வெளிவந்திருக்காது. இதைக் கொப்பி எழுதும் பிள்ளையின் பக்கத்தில் ஒரு காலை முழுக்க இருந்துதான் கண்டுபிடிக்கலாம்.

இனிப் பிரச்சினையை எழுதிவைக்கலாம். யாருக்கு, என்ன, எவ்வளவு, எப்போதிருந்து, அதனால் என்ன நட்டம். இவ்வளவும் ஒரு பந்திக்குள் வரவேண்டும். ‘அப்’, ‘சிஸ்டம்’, ‘வெப்சைட்’ என்ற சொற்கள் அந்தப் பந்தியில் வரக்கூடாது. வந்தால் விடை உள்ளே புகுந்துவிட்டது. நம் கடைக்கு: ‘வெளிநாட்டிலிருந்து வரும் ஓடர்களில் ஒரு பங்கு, பெறுபவரின் இருப்பிடமும் உரிய திகதியும் ஓடர் எடுக்கும்போது உறுதிப்படாததால் பிந்துகிறது. காசு திருப்பிக் கொடுக்க நேர்கிறது, வாடிக்கையாளர் திரும்பி வருவதில்லை.’ முதலாளிக்கு இதை வாசித்துக் காட்டி, ‘இதுதானே அண்ணை?’ என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகு அடுத்த அடி.

யார் யாரிடம் கேட்பது?

இந்த வேலையால் பாதிக்கப்படுகிற, அல்லது இந்த வேலையைப் பாதிக்கக்கூடிய எல்லோரும் சம்பந்தப்பட்டவர்களே. அலுவலகங்களில் ஸ்டேக்ஹோல்டர்ஸ் என்பார்கள். நம் கடையில் முதலாளி, கொப்பி எழுதும் பிள்ளை, கேக் அடிக்கும் அக்கா, கொண்டுபோகும் பொடியள், கணக்குப் பார்ப்பவர், காசு கட்டும் மகன், கேக்கை வாங்கும் அம்மா. நெடுந்தீவுக்கு ஓடர் எடுப்பதென்றால் குறிகட்டுவானில் படகுக்குப் பொருள் ஏற்றுபவரும் பட்டியலில் வந்துவிடுவார். படகு போகாத நாளில் கேக் எங்கே இருக்கும் என்ற கேள்வியும் அவரோடு வரும்.

எல்லோரிடமும் ஒரே அளவு நேரம் செலவிட முடியாது. யாருக்கு அதிகாரம் அதிகம், யாருக்கு அக்கறை அதிகம் என்று நான்கு கட்டம் போட்டுப் பிரிப்பது ஒரு வழக்கம். மெண்டலோ என்பவர் 1991 இல் சொன்ன முறையென்று பாடங்களில் வரும். உதவியானதுதான். எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. அதிகாரமே இல்லாத ஆள் அந்தக் கட்டத்தில் ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிடுவார். நம் கடையில் அந்த மூலைக்குப் போகிறவர் காரைநகர் அம்மா. அவர் காசு கட்டவில்லை, ஓடரும் போடவில்லை. ஆனால் அவர் படலையடிக்கு வராவிட்டால் இந்த வியாபாரத்தில் ஒன்றும் நடக்காது.

வேலை செய்பவர்களைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் நடந்தது ஒன்று பாடமாக இருக்கிறது. 1992 ஒக்டோபர் 26 அன்று லண்டன் அம்புலன்ஸ் சேவை, வண்டிகளைக் கணினியே அனுப்பும் புதிய முறைக்கு மாறியது. சில மணித்தியாலங்களில் நிலைமை கைமீறியது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கணினிக்குத் தெரியவில்லை. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின, வேறு இடங்களில் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். நவம்பர் 4 அன்று முறை முற்றாக நின்று, கடதாசிக்கும் பேனாவுக்கும் திரும்பினார்கள். 1993 இல் வந்த விசாரணை அறிக்கை பல காரணங்களைச் சொன்னது. வண்டி ஓட்டும் பணியாளர்களையும் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களையும் வடிவமைப்பில் போதியளவு சேர்க்கவில்லை என்பது அவற்றில் ஒன்று.

நம் ஊரிலும் யோசிக்க ஒரு விஷயம் உண்டு. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வந்த கியூஆர் அட்டை வாகன இலக்கத்தை வைத்து வாராந்த ஒதுக்கீடு கொடுத்தது. வரிசையில் நின்ற எவருக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பிக்கு இலக்கத்தகடு கிடையாது. ‘வாகனம் இருப்பவருக்குத்தான் எரிபொருள் தேவை’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, எதை வைத்துப் பதிவது என்ற ஒரு தெரிவுக்குள் அந்த எண்ணம் வந்து உட்கார்ந்துவிடும். எந்தத் திட்டத்தைத் தொடங்கும்போதும் ‘இந்தப் பட்டியலில் வராத ஆள் யார்?’ என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

கேட்கும் விதம்

இங்கே நம் ஊரின் சுபாவத்தைத் தெரிந்து நடக்கவேண்டும். வெளிநாட்டுப் பாடநெறிகள் எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி இருத்தி வேர்க்ஷொப் வை என்று சொல்லும். முதலாளியை நடுவில் இருத்திவிட்டு, ‘பிள்ளை, உனக்கு என்ன கஷ்டம்?’ என்று கேட்டால் அவள் ‘ஒண்டுமில்லை, எல்லாம் ஓகே’ என்பாள். அவர் முன்னால் அவரைக் குறை சொல்கிற மாதிரி எதையும் சொல்லமாட்டாள், சொல்லவும் கூடாது என்று நினைப்பாள். ஆகவே முதலில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே பேசுங்கள். கோண்டாவில் அக்காவை அவவின் குசினியில் சந்தியுங்கள். ஐசிங் இறுகுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது, கரண்ட் போனால் என்ன செய்கிறா, ஒரே நாளில் எத்தனை கேக் முடியும் என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும். பொடியனோடு மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து இருத்துவது கடைசியில், முரண்பாடுகளைத் தீர்க்க.

‘ஓம்’ என்ற பதிலைக் கவனமாக எடுக்கவேண்டும். ‘இப்படிச் செய்தா நல்லாயிருக்குமா அக்கா?’ என்று கேட்டால் மரியாதைக்காகவே ‘ஓமோம்’ வரும். ‘இதுக்கு முந்தி இப்படி வந்தபோது என்ன செய்தனீங்கள்?’ என்று கேட்டால் உள்ளது வரும். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மௌனத்தை நிரப்ப நாம் பேசத் தொடங்கினால், எதிரே இருப்பவர் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவார்.

கொப்பி, வட்ஸ்அப் உரையாடல்கள், திருப்பிக் கொடுத்த காசின் கணக்கு ஆகியவையும் பேசும். ஆட்கள் மறந்தது அங்கே எழுதியிருக்கும்.

இரண்டு நியாயங்கள் மோதும் இடம்

தேவைகளைச் சேர்க்கும்போது எல்லோரும் சொன்னதைப் பட்டியல் போட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பட்டியலுக்குள்ளேயே சண்டை இருக்கும்.

ரொறன்ரோ மகன் கேட்கிறார்: ‘கேக்கை அம்மா வாங்கிற படம் ஒண்டு எனக்கு வேணும்.’ அவருக்கு அது வெறும் ரசீது இல்லை. நேரில் பார்த்துப் பல வருஷமான முகம். முதலாளிக்கும் சந்தோஷம்தான், படம் இருந்தால் ‘கிடைக்கவில்லை’ என்ற முறைப்பாடு வராது. இப்போது காரைநகருக்குப் போவோம். அம்மா காலையில் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்கிறா. வீட்டுச் சட்டை, அவிழ்ந்த தலை. படலையில் தெரியாத பொடியன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து, ‘அம்மா, இஞ்ச பாருங்கோ’ என்கிறான். அவவுக்கு அது வெட்கம். சில வீடுகளில் கோபம். ஆள் தனியாக இருக்கும் வீடு என்றால் பயமும் கூட.

மகன் கேட்டதும் நியாயம், அம்மாவின் மறுப்பும் நியாயம். யார் காசு கட்டுகிறார் என்று பார்த்துத் தீர்த்தால் மகன் வெல்வார், அம்மா அடுத்த முறை படலையைத் திறக்கமாட்டா. இந்த இடத்தில் இரண்டு தேவைகளுக்கும் அடியில் போகவேண்டும். மகனுக்கு உண்மையில் வேண்டியது, கிடைத்தது என்ற உறுதியும் அம்மாவின் சந்தோஷமும். அதற்கு வேறு வழிகள் உண்டு. பெட்டி வீட்டு வாசலில் இருக்கும் படம். அம்மாவின் குரலில் பத்து விநாடி வொய்ஸ். அம்மா சம்மதித்தால், அவ உடுப்பு மாற்றித் தலை இழுத்துக்கொண்டு வர ஐந்து நிமிடம் பொறுத்து எடுக்கிற படம். ‘சம்மதம் கேட்காமல் ஆள் தெரியும் படம் எடுக்கக்கூடாது’ என்பதை ஒரு விதியாகவே எழுதிவைக்கவேண்டும். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அம்மாவின் விலாசம், இலக்கம், படம் எல்லாம் தனிப்பட்ட தரவுகள் என்ற நினைவோடுதான் எந்தக் கடையும் இனி இவற்றைச் சேமிக்கவேண்டும்.

இந்த மோதலைப் பொடியன்தான் தினமும் படலையடியில் நின்று சமாளித்துக்கொண்டிருந்திருப்பான். அவனை யாரும் கேட்கவில்லை.

எழுதும் முறை

சேர்த்த தேவைகளை நான்கு அடுக்காகப் பிரிப்பது வழக்கம். கடைக்கு என்ன வேண்டும்: பிந்தும் ஓடர் குறையவேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் என்ன வேண்டும்: பொடியனுக்கு வீடு தெரியவேண்டும். செய்யப்போகும் தீர்வு என்ன செய்யவேண்டும், எந்தத் தரத்தில் செய்யவேண்டும். பழைய முறையிலிருந்து புதியதுக்கு மாற என்ன வேண்டும்: பழைய கொப்பியில் இருக்கும் விலாசங்களை யார் ஏற்றுவது? நான்காவதைப் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் நினைப்பார்கள், பிறகு இரவிரவாகத் தட்டெழுதுவார்கள்.

எழுதிய ஒவ்வொரு தேவையும் சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். ‘கேக் கெதியாப் போகவேணும்’ என்பதைச் சோதிக்க முடியாது. எது கெதி? ‘பெறுபவரின் இலக்கமோ பக்கத்து வீட்டு இலக்கமோ உறுதிப்படாத ஓடர், கேக் அடிக்கும் பட்டியலுக்குப் போகக்கூடாது’ என்பதைச் சோதிக்கலாம். ‘கொடுக்கவேண்டிய நாளை இலங்கைத் திகதியாகவும் கிழமையாகவும் எழுதி, காசு கட்டுபவருக்குத் திருப்பிக் காட்டவேண்டும்’ என்பதையும் சோதிக்கலாம். ‘நாளைக்கு’ என்ற சொல் கொப்பிக்குள் வரவே கூடாது என்பது இந்தக் கடையின் மிகப் பெறுமதியான தேவை. அதைச் சொல்ல ஒரு வரி போதும்.

தரம் பற்றிய தேவைகளை ஆட்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்டுத்தான் எடுக்கவேண்டும். கரண்ட் இல்லாவிட்டால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய நாட்கள் எவருக்கும் மறந்திருக்காது. தீவுப்பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் பொடியன் விலாசத்தை எப்படிப் பார்ப்பான்? வெளிநாட்டில் வளர்ந்த பேத்தி ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினால் கொப்பி எழுதும் பிள்ளைக்கு விளங்குமா?

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய முடியாது. கட்டாயம் வேண்டும், இருந்தால் நல்லது, நேரமிருந்தால் பார்க்கலாம், இந்த முறை வேண்டாம் என்று நான்காகப் பிரிக்கும் மொஸ்கோ முறையை 1994 இல் டாய் கிளெக் என்பவர் கொண்டுவந்தார். பிரிக்கும்போது முதலாளி எல்லாவற்றையும் முதல் பெட்டிக்குள் போடுவார். ‘இது இல்லாட்டி அடுத்த மாதம் கடை திறக்க ஏலாதா அண்ணை?’ என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டால் முக்கால்வாசி தானாகக் கீழே இறங்கும். கடைசிப் பெட்டியையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்ததுதான் பிறகு பெரிய வாக்குவாதமாக வரும்.

இவ்வளவும் முடிந்து பார்த்தால், நம் கடைக்கு முதலில் தேவைப்படுவது அப் இல்லை. வட்ஸ்அப்பில் ஓடர் வந்ததும் தானாகப் போகும் ஒரு மெசேஜ் போதும். வட்ஸ்அப் பிஸ்னஸில் கடை பூட்டியிருக்கும் நேரத்துக்கும் அப்படி அனுப்பும் வசதி இருக்கிறது. அதில் ஐந்து கேள்வி: கொடுக்கவேண்டிய நாள் இலங்கைத் திகதிப்படி என்ன, கிழமை என்ன? வாங்குபவரின் இலக்கம் இப்போதும் வேலை செய்கிறதா? அவருக்குத் தெரியாமல் கொடுக்கவேண்டுமென்றால் பக்கத்தில் யாருடைய இலக்கத்துக்கு எடுக்கலாம்? வீட்டுக்கு எது அடையாளம்? படம் எடுக்க அம்மா சம்மதிப்பாவா? கொப்பியில் இரண்டு நிரல் கூட்டவேண்டும், ஒன்று உறுதிப்பட்டதா என்பதற்கு, மற்றது பிந்தினால் காரணத்துக்கு. ஒரு மாதம் இப்படி ஓடவிட்டு, அதே தாளில் பிந்தியவற்றை மறுபடி எண்ணுங்கள். அப்போதும் பிள்ளையால் தனியாகச் சமாளிக்க முடியாத அளவுக்கு ஓடர் வந்தால் முதலாளியோடு அப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அதற்குள் என்னென்ன இருக்கவேண்டும் என்பது அந்த இரண்டு நிரல்களிலும் எழுதியிருக்கும்.